பழைய சிங்கர் மெஷினில் இறுகிய கிரீஸ்: தங்கப் பூ அழியாமல் எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான். பழைய சாமான் கடையில் ஒரு கறுப்புச் சிங்கர் தையல் மெஷின் கிடைத்தது. தலை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள், பாட்டியின் ஸ்டாண்டு வீட்டில் இருக்கிறது. அடிப்பக்கம் முழுக்க கிரீஸ் தார் மாதிரி அப்பிக் கிடக்கிறது. கைச்சக்கரம் கால் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மேலே தங்க நிறப் பூ வேலைப்பாடு அழுக்குக்கு அடியில் மங்கலாகத் தெரிகிறது. பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிடலாம் என்கிறார் தம்பி. பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன் என்கிறார் தெருமுனை மெக்கானிக்.

இரண்டுமே வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் உங்கள் கையாலேயே நான்கைந்து மாலைகளில் இதை ஓட வைத்துவிடலாம். நான் தையற்காரர் வீட்டில் பிறந்தவன். இருபது வருடங்களாகப் பழைய மெஷின்களை வாங்கிச் சுத்தம் செய்து, தைக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்து வருகிறேன். இறுகிப் போனது என்று வந்தவற்றில் பெரும்பாலானவை உடைந்தவை அல்ல, எண்ணெய் காய்ந்தவைதான்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே இருக்கும் இரும்பிலிருந்து கிரீஸை எடுப்பது. இன்னொன்று, வெளியே இருக்கும் கறுப்புப் பூச்சிலிருந்தும் பூவிலிருந்தும் அழுக்கை எடுப்பது. இரும்புக்கு ஒத்துக்கொள்ளும் சில திரவங்கள் பூவுக்கு எமன். பழைய மெஷின்கள் பாழாவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, ஒரே துணியால் ஒரே வேகத்தில் தேய்ப்பதால்தான்.

உங்கள் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. எண் இ.ஜி. என்று தொடங்குகிறது, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் இடது ஓரத் தகட்டின் மேலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் 1950-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்த 15கே வகை. அந்தக் ‘கே’ ஆலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிக்கிறது. ஆலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது, அந்த ஊர் ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். நம் ஊரில் ஓடும் உஷா, மெரிட் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை இதே 15 வகையைப் பின்பற்றியவை. அதனால் கீழே சொல்வதில் இயந்திரப் பகுதி அவற்றுக்கும் பொருந்தும். அடி நூல் சுற்றும் பாபின், அதைப் போடும் பாபின் கேஸ், ஊசி எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். கிடைக்காதது திருகுகள். சிங்கரின் திருகு மரை தனி அளவு, ஹார்டுவேர் கடைத் திருகு அதில் ஏறாது. ஒரு திருகு தொலைந்தாலும் அதன் தலை மழுங்கினாலும் இன்னொரு பழைய மெஷினைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்தால் எதை ஊற்றுவது என்ற குழப்பம் போய்விடும். இந்த மெஷினுக்குக் கிரீஸே தேவையில்லை, மெல்லிய எண்ணெய்தான். ஆனால் வீடுகளில் கைக்குக் கிடைத்ததை விட்டிருப்பார்கள். நல்லெண்ணெய் விட்டிருந்தால் அது காற்று பட்டுப் பட்டு மெல்ல வார்னிஷ் மாதிரி காய்ந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அவ்வளவாகக் காயாது, ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மிதிக்கவே முடியாமல், மதியம் சரியாகிவிடும் மெஷின் என்றால் உள்ளே தேங்காய் எண்ணெய் இருக்கிறது என்று அப்பா சொல்வார். விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று நின்று பஞ்சையெல்லாம் பிடித்து வைக்கும். அசல் மெஷின் ஆயிலும்கூட இருபது முப்பது வருடம் ஓடாமல் கிடந்தால் பழுப்பு அரக்கு மாதிரி ஆகிவிடும். இவற்றோடு துணிப் பஞ்சும் தூசும் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் தார். சில நேரம் கடைக்காரர்களே துருப்பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் பூசி வைத்திருப்பார்கள். அதற்காக அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். கிரீஸ் கனமாக அப்பிய இடத்தில் அதற்கு அடியில் இரும்பு பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். மேலே துடைத்து வைத்து ஈரக் கிடங்கில் போட்ட மெஷினைச் சுத்தம் செய்வதுதான் இதைவிடக் கஷ்டம்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மண்ணெண்ணெய் அரை லிட்டர். கிடைக்காவிட்டால் பெயின்ட் கடையில் விற்கும் டர்பன்டைன் போதும். நிறமில்லாத தையல் மெஷின் ஆயில் இரண்டு பாட்டில். பழைய டூத் பிரஷ் இரண்டு, சின்ன பெயின்ட் பிரஷ் ஒன்று. ஒர்க்‌ஷாப்புகளில் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட் அரைக் கிலோ, இல்லாவிட்டால் பழைய பருத்திப் பனியன். ஈர்க்குச்சி ஒரு கட்டு. இந்த வேலைக்கு ஈர்க்குச்சியைப் போல ஒரு கருவி கடையில் கிடையாது. வளையும், ஓட்டைக்குள் போகும், இரும்பைக் கீறாது. முனை நைந்தால் ஒடித்துவிட்டு அடுத்த முனையைப் பயன்படுத்தலாம். கத்தி, பிளேடு, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பி நார் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஸ்குரூ டிரைவர் மட்டும் நல்லதாக, திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்காருவதாக மூன்று அளவுகளில் வேண்டும்.

பெட்ரோல் வேண்டாம் என்பதற்குக் காரணம் தெரியும். அதன் ஆவி தரையோடு தவழ்ந்து போய்ப் பூஜை அறை விளக்கில் பற்றும். மண்ணெண்ணெய் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் அதையும் சமையலறையில் வைத்துச் செய்யாதீர்கள். மொட்டை மாடி அல்லது தாழ்வாரம், கையுறை, பக்கத்தில் நெருப்பு இல்லாமை. நனைந்த துணிகளை வீட்டுக்குள் குவித்து வைக்காமல் வெளியே விரித்து உலர விடுங்கள்.

இனி வேலை. மெஷின் தலை சுமார் 12 கிலோ இருக்கும். ஒரு பழைய மெத்தை விரிப்பில் பின்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள். அடிப்பக்கம், ஊசிப் பக்கம், டென்ஷன் என்று ஒவ்வொன்றையும் நான்கு கோணத்தில். கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதற்குரிய பொருளோடு முட்டை அட்டையின் ஒரு குழியில் போட்டு எண் எழுதி வையுங்கள்.

சக்கரம் ஏன் நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பலம் போட்டுச் சுற்றாதீர்கள். சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு, அதன் நடுவே இருக்கும் சின்னக் குமிழை உங்களை நோக்கித் தளர்த்துங்கள். இப்போது சக்கரம் மட்டும் தனியாகச் சுழன்றால் சக்கரத்தில் கோளாறு இல்லை, உள்ளேதான் இறுகியிருக்கிறது. சக்கரமே அசையவில்லை என்றால் சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது அங்கே நூல் சுற்றிக் கிடக்கிறது. கால் சுற்று போய் ‘டக்’ என்று கல்லில் இடித்தது போல நின்றால் ஊசிக்கு அடியில் பாபின் கேஸைச் சுற்றி ஆடும் செட்டிலில் நூலோ உடைந்த ஊசி முனையோ சிக்கியிருக்கும். களிமண்ணில் சுற்றுவது போல மெல்ல மெல்ல இறுகி நின்றால் காய்ந்த எண்ணெய். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இந்தக் கடைசி வகையாகத்தான் தெரிகிறது. ஆனாலும் செட்டிலைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசி, துணியை அழுத்தும் பாதம், இடது ஓரத் தகடு, ஊசி இறங்கும் தட்டு, பாபினை மூடும் நகரும் தகடு, பாபின் கேஸ் ஆகியவற்றைக் கழற்றுங்கள். அப்புறம் செட்டிலைப் பிடித்திருக்கும் வளையம். சிலவற்றில் அது இரண்டு திருகுகளில் நிற்கும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ளும் பிடிகள் இருக்கும். அதைத் திறந்தால் செட்டில் கையோடு வந்துவிடும். இவை எல்லாம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மண்ணெண்ணெயில் ஊறட்டும். டென்ஷன் இருக்கும் இடது ஓரத் தகட்டை மட்டும் அதில் போடாதீர்கள், அதற்குத் தனியாக வருகிறேன். கிண்ணத்தில் மூழ்குவது பூ இல்லாத உலோகத் துண்டாக மட்டும் இருக்க வேண்டும்.

ஊசித் தட்டைக் கழற்றியதும் துணியைத் தள்ளும் பல் தெரியும். அதன் இடுக்குகளில் கறுப்பாகக் கம்பளி மாதிரி ஒன்று அமுங்கியிருக்கும். பலர் அதை மெஷினோடு வந்த பாகம் என்றே நினைத்துவிடுகிறார்கள். எண்ணெயில் ஊறி எத்தனையோ வருடமாக அழுந்திய துணிப் பஞ்சு அது. பல் மேலே வர முடியாமல் அது தடுப்பதால்தான் பல மெஷின்களில் தையல் குட்டையாகவும் கோணலாகவும் விழும். ஈர்க்குச்சியால் கிளறி, கட்டியாக எடுத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: 66, 99 என்ற சிங்கர் வகைகளில் பாபின் குழியில் சிவப்பு நிறச் சிறு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது எண்ணெய் பிடித்து வைப்பதற்காக வைத்தது, அதை எடுக்கக் கூடாது.

அடிப்பக்கத்துக் கிரீஸை முதலில் உலர்ந்தபடியே எடுங்கள், எடுத்த எடுப்பிலேயே மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். ஈர்க்குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஆகியவற்றால் வழித்தாலே முக்கால்வாசி வந்துவிடும். இதைச் செய்யாமல் திரவத்தை ஊற்றினால் கிரீஸ் கரைந்து, இதுவரை சுத்தமாக இருந்த துளைகளுக்குள் எல்லாம் போய் உட்காரும். நான் ஆரம்பத்தில் சுத்தம் செய்த மெஷின்களில் இந்த வழித்தெடுக்கும் வேலையைச் சோம்பலால் விட்டதற்கு, பிற்பாடு இரண்டு மடங்கு வேலை செய்திருக்கிறேன்.

வழித்த பிறகு பெயின்ட் பிரஷால் மண்ணெண்ணெய் தொட்டு, ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். ஊற்றக் கூடாது, தடவ வேண்டும். அடியில் இரண்டு நீளத் தண்டுகள் படுத்திருக்கும். அவற்றின் முனைகள் கூம்புத் திருகுகளுக்கு நடுவே ஊசலாடும். இறுக்கத்தில் பெரும்பங்கு அங்கேதான். அந்தக் கூம்புத் திருகுகளைத் தளர்த்த வேண்டும் என்று கை பரபரக்கும். தொடாதீர்கள். அவற்றின் இறுக்கம் ஆலையில் அமைத்தது, அரைச் சுற்று மாறினாலும் தண்டு ஆடும் அல்லது பிடிக்கும். மண்ணெண்ணெய் தானாகவே உள்ளே இறங்கும்.

மெஷின் தூணின் பின்பக்கத்தில் வட்டமான ஒரு தகடு ஒற்றைத் திருகில் நிற்கும். அதைத் திறந்து பாருங்கள். உள்ளே பெரிய இரும்புக் கை ஒன்று மேலும் கீழும் போகும். அதன் மேல் முனை மேல் தண்டைக் கவ்வியிருக்கும் இடம் இறுக்கத்தின் இரண்டாவது தலைமையகம். இடது ஓரத்தில் ஊசிக் கம்பியும் நூல் தூக்கியும் ஓடும் இடம் மூன்றாவது. அங்கேயும் நூல் துணுக்குகள் சுற்றியிருக்கும், சாமணத்தால் எடுங்கள். ஊசிக் கம்பியைப் பிடித்திருக்கும் திருகை மட்டும் தளர்த்தாதீர்கள். அது அசைந்தால் ஊசிக்கும் செட்டிலுக்கும் உள்ள நேரக் கணக்கு போய்விடும், அப்புறம் தையலே விழாது.

தடவிவிட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள், முழுச் சுற்றுக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு அங்குலம் போனது இரண்டு அங்குலம் போகும். மீண்டும் தடவுங்கள். அசையவே மறுத்தால் சூடு உதவும். ஆனால் மண்ணெண்ணெய் ஈரம் முழுக்க உலர்ந்து, வாடையும் போன பிறகுதான் சூட்டைக் கொண்டு போக வேண்டும். ஹேர் டிரையரை அடிப்பக்கத்து மூட்டுகளின் மேல் ஐந்து நிமிடம் பிடியுங்கள். டிரையர் இல்லாவிட்டால் அடிப்பக்கம் வெயில் படும்படி அரை மணி நேரம் வையுங்கள். சூட்டில் அரக்கு இளகும், இளகும்போதே சக்கரத்தை ஆட்ட வேண்டும். பூ இருக்கும் மேல்பக்கத்தில் சூடு காட்டக் கூடாது.

மிகவும் இறுகிய ஒரு மெஷின் எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. எட்டாவது நாள் வரை தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஒன்பதாவது நாள் காலையில் சாதாரணமாகச் சக்கரத்தைத் தொட்டேன், சுற்றிக்கொண்டு போனது. அந்த மெஷின் இப்போது ஒரு பெண்ணின் கடையில் தினமும் பிளவுஸ் தைக்கிறது.

முழுச் சுற்று சுற்றத் தொடங்கியதும் நிறையப் பேர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. வேலை முடிந்தது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். மண்ணெண்ணெய் கரைப்பான், வழுக்குப் பொருள் அல்ல. டபிள்யூடி-40 ஸ்பிரேயையும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளுங்கள். இளக்குவதற்கு உதவும், மெஷின் ஆயிலுக்கு மாற்று ஆகாது. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போனதும் இரும்பு இரும்போடு வறண்டு உரசும், துருவும் பிடிக்கும். அதனால் அன்றே துடைத்து, எல்லா எண்ணெய்த் துளைகளிலும் இரண்டு இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். துளை எங்கே என்று தேட வேண்டிய அவசியமில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள், இரும்பு இரும்பின்மேல் நகரும் ஒவ்வொரு இடமும் எண்ணெய் கேட்கும் இடம்தான். துளை அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தித் திறங்கள். பிறகு நூல் இல்லாமல், பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஓட்டுங்கள். பாதம் கீழே இருந்தால் பல் அதை அரம் மாதிரி ராவிவிடும். ஓட ஓட மூட்டுகளிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் எண்ணெய் கசியும். துடையுங்கள், மறுபடி விடுங்கள். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் கசிவது தெளிந்துவிடும். அதுதான் உள்ளே சுத்தமானதற்கு அடையாளம்.

சரி, டென்ஷன். இந்தச் சின்னப் பகுதிதான் எல்லாரையும் பயமுறுத்துகிறது. இரண்டு வட்டத் தகடுகள், நடுவில் ஒரு மெல்லிய கம்பிச் சுருள், ஒரு ஸ்பிரிங், எண் போட்ட வளையம், மேலே ஒரு நட்டு. முதல் தடவையாகச் செய்பவர் இதைப் பிரிக்காமல் இருப்பது நல்லது. பாதத்தைத் தூக்கினால் அந்த வட்டத் தகடுகள் விலகும், தாழ்த்தினால் கவ்வும். அதனால் ஓரத் தகட்டை மீண்டும் பொருத்திய பிறகு பாதத்தைத் தூக்கிவைத்து, மண்ணெண்ணெயில் லேசாக நனைத்த பருத்தி நாடாவை இரண்டுக்கும் நடுவே விட்டு, முதுகு தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். நாடா கறுப்பாக வரும். சுத்தமான நாடா சுத்தமாகவே வெளியே வரும்வரை மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் உலர்ந்த நாடாவால் முடியுங்கள். இங்கே மட்டும் ஒரு சொட்டு எண்ணெயும் விடக் கூடாது. தகடுகள் நூலைக் கவ்வ வேண்டியவை, வழுக்கினால் அடியில் நூல் குப்பலாக விழும்.

ஊற வைத்த துண்டுகளை டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்தாலே போதும். பாபின் கேஸின் பக்கத்தில் இருக்கும் தட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை விட்டு இழுத்துப் பாருங்கள். ஒரு மயிரளவு பஞ்சு அங்கே இருந்தாலும் அடி நூல் தளர்ந்து வரும். பளபளப்புத் தகடுகளில் லேசான துரு இருந்தால் மெஷின் ஆயில் தொட்டு மிக நுண்ணிய ஸ்டீல் உல்லால் மென்மையாகத் தேய்க்கலாம். புளியும் எலுமிச்சையும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லதுதான், ஆனால் நிக்கல் முலாம் உரிந்த இடத்தில் அந்தப் புளிப்பு உள்ளே இருக்கும் இரும்பைத் தின்னும்.

இப்போது வெளிப்பக்கம். இதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் இதைத்தான் திரும்பச் செய்ய முடியாது.

அந்தக் கறுப்பு சாதாரண பெயின்ட் அல்ல. கீல் கலந்து பூசி, சூட்டில் சுட்டெடுத்த பூச்சு. அதனால்தான் எழுபது வருடம் கழித்தும் ஆழமான ஒரு கறுப்பாகத் தெரிகிறது, எந்த ஸ்பிரே பெயின்டும் அந்தக் கறுப்பைக் கொண்டுவராது. அதன்மேல் தங்க நிறப் பூவை மெல்லிய படமாக ஒட்டி, அதற்கும் மேலே அரக்கில் செய்த தெளிந்த வார்னிஷ் பூசியிருப்பார்கள். பூவைக் காப்பாற்றுவது அந்த ஒரு படலம்தான். அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஆகவே ஸ்பிரிட், சானிட்டைசர், நகப்பூச்சு நீக்கி, தின்னர் எதுவும் கிட்டே வரக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் தங்கத்தை வெள்ளியாக்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பச்சை நாரும் படலத்தோடு பூவையும் சேர்த்து வழித்துவிடும். கடையில் விற்கும் காரமான டிகிரீஸரும் அப்படித்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய மெஷினைத் துடைக்க உட்கார்ந்தேன். டாக்டர் ஊசி போடும்போது தோலில் தேய்க்கும் ஸ்பிரிட் வீட்டில் இருந்தது, கிருமியே போகும்போது அழுக்கு போகாதா என்று பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு பழுப்பானது, அழுக்கு வருகிறது என்று இன்னும் சந்தோஷமாகத் தேய்த்தேன். அடுத்த பஞ்சில் தங்கப் பொடி இருந்தது. நாற்பது வருடம் அவர் உள்ளங்கை பட்டும் தேயாத எழுத்துகளில் பாதி இரண்டு நிமிடத்தில் போய்விட்டன. அந்த மெஷின் இன்றும் என்னிடம் ஓடுகிறது, அந்த வெற்றிடத்தோடு. யார் பழைய மெஷின் பற்றிக் கேட்டாலும் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவது அதனால்தான்.

செய்ய வேண்டியது இது. பின்பக்கம் யாருக்கும் தெரியாத மூலையில், சுண்டைக்காய் அளவு பஞ்சில் மெஷின் ஆயில் தொட்டு மெதுவாக வட்டம் போடுங்கள். பஞ்சில் கறுப்பும் பழுப்பும் மட்டும் வந்தால் சரி. தங்கமோ வெள்ளியோ மின்னினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்த மெஷினில் படலம் ஏற்கெனவே போய்விட்டது, வெறும் தூசி தட்டுவதோடு விட வேண்டும். சோதனை நன்றாக வந்தால் உள்ளங்கை அளவு பரப்பாக எடுத்துக்கொண்டு எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊற விட்டு, புதுப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும், அதில் ஒட்டிய தூசியே உப்புத்தாள் மாதிரி கீறும். பூவின்மேல் விரல் நுனியின் கனம் மட்டும். ஒரே நாளில் முடிக்க வேண்டாம். முதல் தடவை எடுக்காதது மூன்றாவது தடவை தானாக இளகி வரும்.

அடுத்து ஒரு கட்டத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள். அழுக்கு போன பிறகும் மேலே தேன் நிறச் சாயை ஒன்று நிற்கும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும் என்று தோன்றும். அது அழுக்கே இல்லை, வயதான அரக்குதான். அதை எடுப்பது பூவை எடுப்பதற்குச் சமம். அந்தச் சாயையோடு இருக்கும் தங்கம்தான் அழகு என்பது என் எண்ணம், நீங்களும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒப்புக்கொள்வீர்கள். மண்ணெண்ணெய் மேல்பக்கத்தில் சிந்திவிட்டால் பதற வேண்டாம், அரக்கை அது கரைக்காது. ஆனால் வெடிப்பு விட்ட படலத்துக்குள் இறங்கிப் பெயர்க்கக்கூடும் என்பதால் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். தண்ணீரும் சோப்பும் அறவே வேண்டாம்.

மெக்கானிக் சொன்ன பெயின்ட் பற்றி: அவர் மீது தப்பில்லை, பளபளப்பாக இருந்தால்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார். ஆனால் புதுப் பெயின்ட் எண்ணெய்த் துளைகளை அடைத்துவிடும், மூட்டுகளில் ஒட்டும், இரண்டு வருடத்தில் செதிளாக உரியும். அதைவிட முக்கியமாக, ஒரு தடவை சுரண்டிய பூ திரும்பாது. அவரிடம் டைமிங், அதாவது ஊசிக்கும் செட்டிலுக்கும் உள்ள நேரக் கணக்கு, பார்க்கச் சொல்லுங்கள், புது பெல்ட் போடச் சொல்லுங்கள். அதில் அவர் கை தேர்ந்திருக்கும்.

திரும்பப் பொருத்தும்போது இரண்டு இடங்களில் சிக்கல் வரும். கைச்சக்கரத்தைக் கழற்றியிருந்தால், குமிழுக்கு அடியில் உள்ள வளையத்துக்குப் பற்கள் உண்டு. அதை மாற்றி வைத்தால் குமிழை இறுக்கினாலும் சக்கரம் வெறுமனே சுற்றும், அல்லது தளர்த்தினாலும் விடுபடாது. வளையத்தை அரைச் சுற்று திருப்பி வைத்தால் சரியாகிவிடும். அடுத்தது ஊசி. 15 வகையில் ஊசியின் தட்டைப் பக்கம் இடது புறம் பார்த்து இருக்க வேண்டும், நூல் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். இது மாறிப்போனால் ஒரு தையல்கூட விழாது. சுத்தம் செய்ததால்தான் மெஷின் கெட்டுவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த ஒரு ஊசியால்தான். சாதாரணப் பருத்திக்கு 14 அல்லது 16 எண் புது ஊசி போடுங்கள், பழைய ஊசியைச் சேமிக்க வேண்டாம்.

பாட்டியின் ஸ்டாண்டையும் மறக்காதீர்கள். மிதிப் பலகையின் இரண்டு முனைகளிலும், பெரிய சக்கரத்தின் அச்சிலும், இரண்டையும் இணைக்கும் கம்பியின் மூட்டுகளிலும் இதே காய்ந்த எண்ணெய் இருக்கும். அங்கே மண்ணெண்ணெய் தாராளமாகத் தடவலாம். தோல் பெல்ட்டை மட்டும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள், எண்ணெய் குடித்த தோல் வழுக்கும். ஒருவேளை உங்கள் மெஷின் தலையில் மோட்டார் மாட்டியிருந்தால் அதைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் போகவே கூடாது, வயரின் ரப்பர் வெடித்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் பிளக்கில் செருகாதீர்கள்.

முதல் ஒரு வாரம் பழைய வேட்டித் துண்டு, கிழிந்த புடவை இவற்றில் தையுங்கள். ஊசிக் கம்பி வழியாக எண்ணெய் இறங்கி அவ்வப்போது புள்ளி விழும். கம்பியில் ஒரு சின்னத் துணி நாடாவை முடிந்து வைத்தால் அது குடித்துக்கொள்ளும். இரவில் மெஷினை மூடும் முன் பாதத்துக்கு அடியில் ஒரு துணி மடிப்பை வைத்துத் தாழ்த்திவிடுங்கள். காலையில் அந்தத் துணியில் புள்ளி இல்லாத நாள் வந்ததும் வெள்ளைத் துணியை எடுக்கலாம்.